கூலியும் ஒப்புரவும்: கத்தோலிக்க அறநெறி நோக்கிற் காஞ்சிப் பட்டுத்தறி

காஞ்சிமாநகர் பல சமயத்தாரும் தத்தம் அறத்தை எடுத்துரைத்த தொன்னகர். சைவத்துக்கும் வைணவத்துக்கும் அங்கே பெருங்கோயில்கள் உள்ளன. அதன் புறத்தே திருப்பருத்திக்குன்றத்திற் சமணம் நிலைபெற்றது. மணிமேகலை அந்நகர் சென்று பசித்தோர்க்கு உணவளித்ததையும், அறவண அடிகள்பால் அறங்கேட்டதையும் அக் காப்பியத்தாற் கற்கின்றோம். அத்தகைய ஊரின் தலையாய தொழிலைப் பிறிதொரு சமயத்தின் அறநெறி கொண்டு ஆராய்வது பொருந்தாத முயற்சியன்று. சமயம் பரப்புதல் எம் கருத்தன்று. கத்தோலிக்கக் கிறித்தவம் தமிழில் வழங்கிய சில அறச் சொற்களின் பொருளை விளக்கி, அப்பொருள் இக்காலத் தொழில்முறை ஒன்றன்மேல் எவ்வாறு ஒளி வீசுகின்றது என்று காட்டுதலே ஈண்டு எமது நோக்கம்.

ஆராய்தற்குரிய வினா இது: முன்பணத்தாற் கட்டுண்ட நெசவாளிக்குக் கூலியைக் குறைத்தளித்த ஒருவர், பின்னர்க் கோயிலுக்கோ ஏழைகளுக்கோ பெருங்கொடை வழங்கினால் அப்பழி நீங்குமா? இவ் வினா பணத்தைப் பற்றியது போலத் தோன்றினும், உண்மையில் நீதிக்கும் ஈகைக்கும் உள்ள உறவைப் பற்றியதாகும்.

1. சொல்லின் வரலாறு

தமிழ் அச்சு வரலாற்றில் முதன்மையான நூல்கள் கத்தோலிக்கத் துறவியாற் செய்யப்பட்டவை. முத்துக்குளித்துறையிற் பணியாற்றிய அண்டிரிக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இற் கொல்லத்தில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு கொச்சியிற் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. அதற்கடுத்து, 1580இல், பாவ அறிக்கை செய்வார்க்குரிய கையேடு ஒன்று ‘கொம்பெசியோனாயரு’ என்னும் போர்த்துக்கேயப் பெயருடன் தமிழில் அச்சேறிற்று. அச்சுத் தமிழின் தொடக்க நூல்களுள் ஒன்று, மனிதன் தன் நெஞ்சைத் தானே வினவிக்கொள்ளும் நூலாக இருந்தது என்பது கருதத்தக்கது.

பிற்காலத்து ஞானோபதேச நூல்கள் இவ் வறிக்கையைப் ‘பாவசங்கீர்த்தனம்’ என வழங்கின. அதற்கு முன் ஆத்தும சோதனையும், மனஸ்தாபமும், இனிச் செய்வதில்லை என்னும் பிரதிக்கினையும் வேண்டும். அதன் பின் அபராதம் தீர்த்தலும் வேண்டும். ஆகவே சொல்லி முடித்த அளவிற் செயல் முடிவதில்லை. களவு பற்றிய ஏழாம் கற்பனையை மீறினார்க்கு இன்னும் ஒரு கடமை உண்டு. எடுத்த பொருளை உரியவர்க்குத் திருப்பித் தருதல் வேண்டும். இயலாதாயின் தரும் உறுதியேனும் வேண்டும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962–1965) பின் ‘பாவசங்கீர்த்தனம்’ என்னும் வடசொல் வழக்குக் குறைந்து, ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்னும் பெயர் நிலைபெற்றது. பகைநீங்கி இணைதல் என்ற பொருளில் ‘ஒப்புரவாதல்’ என்னும் வழக்குத் தமிழ் விவிலியத்தில் முன்னரே உண்டு. ஆயினும் தமிழ் கற்றார் இச் சொல்லைக் கேட்டவுடன் திருக்குறளின் 22ஆம் அதிகாரமாகிய ‘ஒப்புரவறிதலை’யே நினைப்பர். ஆண்டு ஒப்புரவு என்பது உலக நடையறிந்து பிறர்க்குப் பயன்பட ஒழுகுதல். அதனை அடுத்து 23ஆம் அதிகாரமாக ‘ஈகை’ வருகின்றது. இரண்டும் ஒன்றல்ல என்பது இவ் வைப்பு முறையானே விளங்கும். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் ஆக்கிய வீரமாமுனிவர் காலந்தொட்டே இந்நூல் கத்தோலிக்கப் புலவர்க்கு அயலாக இருந்ததில்லை. எனவே, கடவுளோடு ஒப்புரவாதல் என்பதன் உள்ளே பிறரோடு ஒப்புரவு ஒழுகுதலும் அடங்கும் எனக் கொள்ளுதல் சொல்லுக்கும் மரபுக்கும் இயைந்ததே.

2. கூலி பற்றிய மரபு

கொலை முதலாகக் கூலி மறுத்தல் ஈறாக நான்கு பாவங்கள் விண்ணை நோக்கிக் கூவுவன என்று பழைய ஞானோபதேசம் வகுத்துள்ளது. கூலியை மறுத்தல் கொலையோடு ஒருங்கு எண்ணப்படுதல் இக்காலத்தார்க்கு வியப்பாகலாம். ஆனால் விவிலியத்தில் இதற்கு அடிப்படை உண்டு. பொழுது சாய்வதற்குள் கூலி தரவேண்டும் என்பது இணைச்சட்ட நூலின் விதி. அறுவடை செய்தார்க்கு மறுக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகின்றது என்பது யாக்கோபு திருமுகத்தின் கருத்து. சீராக்கின் ஞானநூல் இன்னும் கடுமையாக, உழைப்பாளியின் கூலியைப் பறிப்பவனைக் குருதி சிந்துவோனாகக் கருதுகின்றது. ஏழையின் பொருளைக்கொண்டு இடும் பலியை இறைவன் ஏலான் என்பதும் அந்நூலின் துணிபு. எமது வினாவுக்குரிய விடை ஈண்டே தோன்றத் தொடங்குகின்றது.

புனித அகுஸ்தினார், திருப்பித் தரக்கூடிய பொருளைத் தராதவன் வருந்துவது மெய்யான வருத்தமன்று என்று ஒரு திருமுகத்தில் விளக்கினார். 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினார், பறித்ததைத் திரும்ப அளித்தல் நீதியின் பாற்பட்டது, ஈகையின் பாற்பட்டதன்று என முறைப்படுத்தினார். லூக்கா நற்செய்தியில் வரும் சக்கேயு இவ் விரண்டையும் பிரித்தறிந்தவன். தன் உடைமையிற் பாதியை ஏழைகட்கு ஈவதாகச் சொல்லியதோடு அவன் நிற்கவில்லை. ஏய்த்துக் கொண்டதை நான்மடங்காக உரியவர்க்கே தருவதாகவும் கூறினான். ஏழைகட்குத் தருவது வேறு. ஏமாற்றப்பட்டவனுக்குத் தருவது வேறு.

ஆலைத்தொழில் பெருகிய பின்னர், சிங்கராயர் எனத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் 13ஆம் லியோ திருத்தந்தை, 1891 மே 15இல் ‘ரேரும் நொவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். உழைப்பாளி உடன்பட்டான் என்பதனால் மட்டும் கூலி நேரியதாகாது; சிக்கனமாக வாழும் உழைப்பாளியைத் தாங்கவும் போதாத கூலிக்கு அவன் வறுமையின் அச்சத்தால் இசைந்தானாயின், அவன் வன்முறைக்கு இரையானவன் என்பது அம்மடலின் நடுவண் கருத்து. 40 ஆண்டு கழித்து 1931இல், பத்திநாதர் எனப்படும் 11ஆம் பயஸ் குடும்பத்தைக் காக்கத் தக்க கூலி வேண்டும் என்றார். 1981இல் இரண்டாம் யோவான் பவுல், முதலினும் உழைப்பே முற்பட்டது என நிறுவினார். 2025இல் தேர்வான திருத்தந்தை தம் பெயராகப் 14ஆம் லியோ என்பதைக் கொண்டதற்கு, முன்னவரின் அச் சுற்றுமடலே தலையாய காரணம் எனக் குறித்தார். ஆகவே இம்மரபு பழமையாயினும் வழக்கிறந்ததன்று.

3. காஞ்சித் தறியும் முன்பணமும்

காஞ்சிப் பட்டின் மூலப்பொருள்கள் விலை மிக்கவை. பட்டுநூல் பெரும்பான்மையும் கருநாடகத்திலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வருவன. நெசவாளி அவற்றைத் தானே வாங்குதல் அரிது. எனவே பொருள்வலி படைத்தவர் பாவும் ஊடையும் சரிகையும் தருவர்; நெசவாளி நெய்து கொடுத்துக் கூலி பெறுவான். இடையில் திருமணம், நோய், வீட்டுச் செலவு ஆகியவற்றுக்கு முன்பணம் பெறுவான். கூட்டுறவுச் சங்கங்கள் இந்நிலையைப் பலர்க்கு மாற்றியதுண்டு. ஆயினும் முன்பண முறை அடியோடு அற்றுப்போகவில்லை.

முன்பணத்துக்கு வட்டியில்லை என்பதனால் அதனை உதவியென்றே பலரும் கருதுவர். ஈண்டுத்தான் அக்குவினாரின் நுண்ணிய ஆராய்ச்சி பயன்படுகின்றது. கடனுக்கு ஈடாகப் பணமாக வட்டி பெறுதல் தகாது என்று கூறிய அவர், பணத்தால் அளவிடத்தக்க வேறெதனைப் பெறினும், கையாற் செய்யும் ஊழியமாயினும், அதுவும் வட்டியே என்றார். இதனைக் காஞ்சித் தறிக்குப் பொருத்திப் பார்ப்போம். முன்பணம் தீருமளவும் வேறொருவரிடம் நெய்தல் கூடாது என்றும், சந்தைக் கூலியிற் குறைந்ததையே பெறுதல் வேண்டும் என்றும் கட்டுப்பாடு இருப்பின், அக் கூலிக் குறைவே வட்டி. ஏட்டில் எழுதப்படாமையால் அது வட்டியாகாதொழியாது. நெசவாளி ஒவ்வொரு புடைவையிலும் அதனைச் செலுத்திக்கொண்டே இருப்பான். முதலோ குறையாது நிற்கும்.

நம் நாட்டுச் சட்டமும் இதே இடத்தை வந்தடைந்துள்ளது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைமுறை ஒழிப்புச் சட்டம், முன்பணத்தின் பொருட்டுக் குறைந்த கூலிக்கு உழைக்கவோ, வேறிடம் சென்று தொழில் செய்யும் உரிமையை இழக்கவோ நேர்வதைக் கொத்தடிமையின் இலக்கணமாகக் கொள்ளுகின்றது. 13ஆம் நூற்றாண்டு இறையியலும் 20ஆம் நூற்றாண்டுச் சட்டமும் வெவ்வேறு வழியாக வந்து ஒரே உண்மையைச் சுட்டுதல் நோக்கத்தக்கது. சட்டம் அக்கடனையே அழித்துவிடுகின்றது. சமய அறமோ அதன்மேலும் சென்று, குறைத்த கூலியை யார் திருப்பித் தருவார் என்று கேட்கின்றது.

4. இளஞ்சிறார்

உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைப் புடைவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளி ஒருவரால் அவற்றை இயக்குதல் அரிதாதலின், பக்கத்தே துணையாள் ஒருவர் அமர்ந்து கரையின் நாடாவை வீசுவர். நெடுங்காலம் அவ்விடத்திற் சிறார்களே அமர்த்தப்பட்டனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிறர் தறியில் அமர்ந்த சிறாரும் உண்டு. 2003இல் வெளிவந்த மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கை காஞ்சியையும் இதன்பொருட்டுக் குறித்தது. கல்வி பரவியதாலும், அரசும் தொண்டர்களும் எடுத்த முயற்சியாலும் இந்நிலை பெரிதும் மாறியுள்ளது.

1986ஆம் ஆண்டுச் சட்டம் 2016இற் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்கு உட்பட்டோரைப் பணியில் அமர்த்துதல் முற்றும் விலக்கப்பட்டது. ஆயினும் பள்ளி நேரம் கழிந்தபின் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு இடம் விடப்பட்டுள்ளது. தந்தையிடம் மகன் கைத்தொழில் கற்பது தீதோ எனின், அன்று. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியின் தலைவனாகிய வளன் ஒரு தச்சனே. கைத்தொழில் செய்வோனைக் காப்பியத் தலைவனாக்கிய பெருமை அந்நூலுக்கு உண்டு. 1955இல் 12ஆம் பத்திநாதர் மே முதல் நாளை உழைப்பாளியாகிய புனித சூசையப்பரின் திருநாளாக்கினார். ஆனால் கற்றல் வேறு. கடனுக்கு ஈடாதல் வேறு. மகன் தறியில் அமர்வது தந்தை அவனுக்கு அளிக்கும் கொடையா, அன்றித் தந்தையின் கடனுக்கு அவன் செலுத்தும் வட்டியா என்பதே அளவுகோல். உடலும் உள்ளமும் முதிராத சிறாரைத் தொழிலில் இடுதல் ஆகாது என்று 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலே எச்சரித்துள்ளது.

5. தடையும் விடையும்

‘முதலாளியும் நெருக்கடியில் இருக்கின்றார், விசைத்தறிப் போலிகள் விலையைக் குறைத்துவிட்டன, அவர் எங்ஙனம் கூலியை உயர்த்துவார்?’ என்பது முதல் தடை. இதில் உண்மை உண்டு. கூலியை வரையறுக்கும்போது தொழிலின் நிலையையும் கருதவேண்டும் என்பதை 1931ஆம் ஆண்டுச் சுற்றுமடல் உடன்படுகின்றது. ஆனால் அதே மடல், நேர்மையற்ற விலையால் தொழிலை நெருக்கி, அதன் வாயிலாக உழைப்பாளியின் கூலியைக் குறையச் செய்வோர்மேலும் பழியைச் சுமத்துகின்றது. அங்ஙனமாயின் பழி தறி உரிமையாளர் ஒருவரோடு முடிவதில்லை. கடைக்காரரும், மணவிழாவுக்குப் புடைவை எடுக்கச் சென்று விலையை மட்டுமே பேசும் நாமும் அதன் பங்காளிகளே. கற்றோராகிய யாமும் இதற்கு விலக்கல்லேம்.

‘இவ் வறத்தைப் போதிக்கும் திருச்சபை தானே அதனைக் கடைப்பிடித்ததோ?’ என்பது இரண்டாவது தடை. எக்காலத்தும் எவ்விடத்தும் கடைப்பிடித்தது என யாரும் சொல்லார். நீதியைப் பேசத் துணிவோர் முதலில் தாம் நீதியுடையராக விளங்குதல் வேண்டும் என்று 1971இற் கூடிய உலக ஆயர் மாமன்றமே ஒப்புக்கொண்டது. திருச்சபையும் பலர்க்குக் கூலி தரும் நிறுவனமாதலின், இவ் வினா அதன் வாயிலிலும் நிற்பதே. அறத்தைச் சொன்னவன் தவறினமையால் அறம் பொய்யாகாது. சொன்னவனுக்கே அது முதற்கண் பொருந்தும் என்பதே பெறப்படும்.

முடிபு

மேற்கூறியவற்றால் எமது வினாவுக்கு விடை தெளிவாகும். கொடை கடனைத் தீர்க்காது. தன்னுடையதைத் தருவதே ஈகை; பிறர்க்கு உரியதைத் தருவது ஈகையன்று, நீதியே. குறைத்த கூலியிலிருந்து எழும் கொடை, கொடுப்பவரின் பெயரில் நடக்கினும், உண்மையில் நெசவாளியின் கொடை. அவன் உடன்பாடின்றிப் பெறப்பட்டதுமாகும். ஆதலின் ஒப்புரவாக விழைவோர் செல்லவேண்டிய முதலிடம் உண்டியற் பெட்டியன்று. தறிக்குழியில் அமர்ந்திருப்பவனின் வீடே. அவன் கணக்கை விரித்துவைத்து, முன்பணத்தின் பெயராற் குறைந்தது எவ்வளவு என்று அவனோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதனைத் தீர்த்த பின்னர் வழங்கும் கொடையே கொடை எனத் தகும்.

கத்தோலிக்க மரபு இதனைத் தன் அடியார்க்கு விதியாகச் சொல்லுகின்றது. ஏனையோர்க்கு அது விதியன்று. ஆயினும் ஒப்புரவை முன்வைத்து ஈகையைப் பின்வைத்த நூலைத் தமக்குரியதாகப் போற்றும் தமிழர்க்கு, இம்முடிபு அயலிலிருந்து வந்ததாகத் தோன்றாது என்பது எமது துணிபு.