ஞாயிறு இரவு 11:59

கலிஃபோர்னியாவுக்கு வந்த இரண்டாம் வருடம். “வீட்டுல சும்மாதானே இருக்கே, ஆன்லைன்ல ஏதாவது படியேன்” என்றார் கணவர். அப்போது நான் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் கரண்டியுமாக நின்றுகொண்டிருந்தேன். வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் வந்தவள் நான். வேலைக்குப் போகத்தான் அனுமதியில்லை, படிக்கத் தடையில்லை.

அப்படி நான் சேர்ந்தது ஒரு கம்யூனிட்டி காலேஜில். கம்யூனிட்டி காலேஜ் என்பது நம் ஊர்க் கலைக் கல்லூரியையும் பாலிடெக்னிக்கையும் ஒரே காம்பவுண்டுக்குள் வைத்தது மாதிரி. பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடத்தை இங்கே மலிவாக முடித்துவிட்டு, மீதியைப் பல்கலைக்கழகத்தில் தொடரலாம். 1901-இல் இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட்டில் தொடங்கிய ஏற்பாடு இது. கலிஃபோர்னியாவில் மட்டும் 116 கல்லூரிகள். கட்-ஆஃப் கிடையாது, எந்த வயதிலும் சேரலாம். பாடத்தின் அளவை யூனிட்டால் சொல்வார்கள். மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர். மூன்று யூனிட் பாடத்துக்கு 138. ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே குடியிருந்ததைக் காட்டினால் எச்-4 காரர்களும் மாநிலவாசிதான். அதற்கு முன் சேர்ந்தால் கட்டணம் பல மடங்கு.

கரூரில் பி.காம். படித்த தைரியத்தில் ஆன்லைனில் அக்கவுண்டிங் எடுத்தேன். முதல் வாரமே என்னை வகுப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

தினமும் வகுப்புத் தளத்துக்குள் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ‘உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்ற பகுதியில் மட்டும் கூச்சப்பட்டு எழுதவில்லை. தளத்தை வெறுமனே எட்டிப் பார்ப்பது வருகை ஆகாது. ஏதாவது பதிவு போட்டால், பரீட்சை எழுதினால்தான் வருகை என்பது பிறகே தெரிந்தது. அரசு தரும் உதவித்தொகையைச் சுருட்ட, திருட்டு அடையாளங்களில் ஆன்லைன் வகுப்புகளில் சேரும் கும்பல்கள் இருக்கின்றன. ‘பேய் மாணவர்கள்’ என்றே பெயர். அவர்களைக் களையெடுக்கும்போது என்னையும் பிடுங்கிவிட்டார்கள். ஆசிரியருக்கு மெயில் போட்டேன். காத்திருப்போர் பட்டியலில் இருந்தவருக்கு என் இடம் போய்விட்டது என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் பேய்க்கும் எனக்கும் வித்தியாசம் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

அடுத்த பருவத்தில் அறிமுகத்தைத்தான் முதலில் எழுதினேன், நாலு பாராவுக்கு.

பாடம் தெரிந்ததுதான், கைதான் பழக வேண்டியிருந்தது. நம் ஊர் பேலன்ஸ் ஷீட்டில் கடன்கள் இடப்பக்கம், சொத்துகள் வலப்பக்கம். இங்கே நேர்மாறு. நாம் ‘ஸ்டாக்’ என்றால் குடோனில் கிடக்கும் சரக்கு. இவர்களுக்கு அது பங்கு. இந்தக் குழப்பத்தை ஒருநாள் விவாதப் பகுதியில் எழுதினேன். லாரி ஓட்டும் வகுப்புத்தோழர் ஒருவர், இப்போதுதான் தனக்கும் விளங்கியது என்று எங்கோ வழியில் வண்டியை நிறுத்திப் பதில் போட்டார். அவர் முகத்தை இன்றுவரை பார்த்ததில்லை.

நேரம்தான் பெரிய பாடு. ஒரு யூனிட்டுக்குக் குறைந்தது 48 மணி நேர உழைப்பு என்பது இங்கே கணக்கு. மூன்று யூனிட்டுக்கு 144. பதினாறு வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 9 மணி நேரம். அதே பாடத்தை எட்டு வாரத்தில் முடிக்கிற குறுக்குவழியும் உண்டு. அதில் வாரம் 18! கைக்குழந்தைக்காரிகள் அந்தப் பக்கம் போக வேண்டாம். கல்லூரிக்கு நேரில் போகிறவளுக்குச் செவ்வாய் பத்து மணி வகுப்பு என்றால் வீடே வழிவிடும். ஆன்லைன்காரியின் ஒன்பது மணி நேரம் யார் கண்ணிலும் படாது. “லேப்டாப்தானே பாக்கறே, கொஞ்சம் கதவைத் திற” என்பார்கள். கடைசியில் ‘செவ்வாய், வியாழன் இரவு 8 முதல் 10 வரை அம்மா கல்லூரியில்’ என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். கணவர் சிரித்தார். ஆனால் அந்த இரண்டு இரவும் குழந்தையைத் தூங்கவைத்தது அவர்தான்.

மீதி ஐந்து மணி நேரம் ஞாயிற்றுக்கிழமை தலையில் விழும். வீட்டுப்பாடக் கெடு இரவு 11:59. போன வாரம் 11:40-க்குக் குழந்தை எழுந்துவிட்டான். அவனை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே, ஒற்றைக் கையால் கடைசிக் கணக்கைத் தட்டி, 11:57-க்கு அனுப்பினேன். நேரத்துக்கு அனுப்பினால் வகுப்பு நடக்கும் கேன்வாஸ் மென்பொருள் திரை முழுக்க வண்ணக் காகிதம் தூவும். அவன் அதைப் பிடிக்கக் கை நீட்டினான். காலை இட்லிக்கு மாவு இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.