காற்றாடியின் பெல்ட்டும் தொழிலாளியின் கையும்

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896இல் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடத் தொடங்கியதை அடுத்து, ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் தமிழர் வாழ்க்கை பால்மரத்தைச் சுற்றியே அமைந்தது. பின்னர் செம்பனை ஆலைகளும் பத்து பெரெண்டாம், ஆயர் குரோ, செங் தொழிற்பேட்டைகளும் எழுந்தபோது, அக்குடும்பங்களின் அடுத்த தலைமுறையினர் பலர் இயந்திரங்களோடு பழகும் வேலைகளுக்குச் சென்றனர். இத்தகைய வேலையிடங்களில் பரவலாகக் காணப்படுவது பெல்ட் பூட்டிய காற்றாடியாகும். ரப்பர்க் கட்டிகளை உலர்த்தும் அடுப்பில் வெப்பக் காற்றைச் சுழலவிடவும், செம்பனைப் பருப்பின் ஈரத்தைப் போக்கவும், பெரிய உணவகங்களின் சமையற்கட்டுப் புகையை வெளியேற்றவும் அது பயன்படுகிறது. அதன் பராமரிப்பில் உயிரையும் கையையும் காப்பவற்றுள் பெரும்பகுதி, பொத்தானை அழுத்துவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியதாகும்.

இவ்வகைக் காற்றாடியில் மோட்டாரின் தண்டிலும் காற்றாடியின் தண்டிலும் புல்லி எனப்படும் வரிப்பள்ளச் சக்கரங்கள் பொருத்தப்பட்டு, ஆப்பு வடிவ பெல்ட்டுகள் அவற்றை இணைக்கின்றன. மலேசியாவின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,450 முறை சுழல்வதால், மோட்டாரில் 150 மில்லிமீட்டர் புல்லியும் காற்றாடியில் 300 மில்லிமீட்டர் புல்லியும் இருந்தால், காற்றாடி சுமார் 725 முறை சுழலும். புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிவதும், வெப்பமும் எண்ணெய்ப் பிசுக்கும் நிறைந்த காற்றோட்டத்துக்கு வெளியே மோட்டாரை வைக்க முடிவதும் இவ்வமைப்பின் நன்மைகள். ஆயினும், கூடுதல் காற்று வேண்டும் என்பதற்காக மோட்டாரில் பெரிய புல்லியை மாட்டுவது ஆபத்தானது. காற்றாடிக்குத் தேவையான மின்திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப உயர்வதால், வேகம் 10 விழுக்காடு கூடினால் மோட்டாரின் சுமை ஏறத்தாழ 33 விழுக்காடு கூடி, மோட்டார் சூடேறிக் கருகவும் இடமுண்டு.

பழுதுபார்க்கும் வேலை தொடங்குமுன் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மின்சாரத்தைத் துண்டிக்கும் முதன்மைச் சுவிட்சில் பூட்டுப் போட்டு, வேலை நடப்பதை அறிவிக்கும் அட்டையைத் தொங்கவிட்டு, சாவியை வேலை செய்பவரே தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பலர் சேர்ந்து வேலை செய்தால் ஒவ்வொருவரும் தத்தம் பூட்டைப் போட வேண்டும். அதன்பின் இயக்குப் பொத்தானை அழுத்தி, மின்சாரம் உண்மையிலேயே நின்றுவிட்டதா எனச் சோதிப்பதும் இன்றியமையாதது. மின்சாரம் நின்ற பின்னும், குழாய் வழியே வரும் காற்றோ அருகிலுள்ள மற்றொரு காற்றாடியோ இறக்கைகளைச் சுழலவைக்கக் கூடும் என்பதால், இறக்கைச் சக்கரம் முழுவதும் நின்ற பிறகு அதற்கு முட்டுக்கொடுத்த பின்னரே பெல்ட்டின் அருகே கை போக வேண்டும். பெல்ட்டும் புல்லியும் சேரும் அந்த ஒடுங்கிய இடம், மெதுவான சுழற்சியிலும் விரலை உள்ளிழுத்துவிடும்.

பெல்ட் மாற்றும்போது, மோட்டாரின் அடிப்பலகையைத் தளர்த்தி முன்னே நகர்த்தி, பெல்ட்டைக் கையால் எளிதாக மாட்ட வேண்டும். திருப்புளியால் நெம்பி ஏற்றினால் பெல்ட்டின் உள்நூல்கள் அறுந்து, அது விரைவில் கெடும். பல பெல்ட்டுகள் உள்ள காற்றாடியில் ஒன்று தேய்ந்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுவதே முறை, ஏனெனில் பழையது நீண்டிருப்பதால் சுமை முழுவதும் புதியதன் மேல் விழும். இரு புல்லிகளும் ஒரே நேர்க்கோட்டில் உள்ளனவா என்பதை, அவற்றின் முகப்புகளில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்கலாம். நான்கு இடங்களிலும் நூல் ஒட்டியிருந்தால் சரி. பெல்ட்டின் இழுவிசையை அறிய, அது புல்லிகளைத் தொடாமல் செல்லும் நீளத்தின் நடுவில் அழுத்த வேண்டும். தயாரிப்பாளர் குறித்த விசையில், ஒவ்வொரு 100 மில்லிமீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் என்ற கணக்கில் அது தாழ வேண்டும். அதாவது 960 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 15 மில்லிமீட்டர். தளர்ந்த பெல்ட் வழுக்கிக் கிரீச்சிட்டுச் சூடேறும். அளவுக்கு மீறி இறுகியது பேரிங்குகளைக் கெடுக்கும்.

இயக்குவதற்கு முன், உள்ளே கருவியோ துணியோ விடுபடவில்லை என உறுதிசெய்து, பாதுகாப்புக் கூண்டை மீண்டும் பொருத்திய பின்னரே பூட்டை அகற்ற வேண்டும். முதலில் ஒரு கணம் மட்டும் இயக்கி நிறுத்தி, சுழலும் திசை உறையில் வரைந்த அம்புக்குறியோடு ஒத்திருக்கிறதா எனப் பார்ப்பது அவசியம். மையவிலக்கு வகைக் காற்றாடி தலைகீழாகச் சுழன்றாலும் காற்று அதே பக்கமே வெளிவரும், ஆனால் மிகக் குறைவாக வரும். ஆதலால் காற்று வருவதை மட்டும் பார்த்துத் திசை சரியென்று முடிவுசெய்யக் கூடாது. திசை மாறியிருந்தால், மும்முனை மின்சாரத்தின் மூன்று கம்பிகளில் இரண்டை மின்வினைஞர் இடம்மாற்றிச் சரிசெய்வார். தொடர்ந்து இயங்கும்போது அதிர்வு, ஓசை, பேரிங்கின் சூடு, மோட்டார் இழுக்கும் ஆம்பியர் ஆகியவற்றைக் கவனித்து, அந்த ஆம்பியர் பெயர்த்தகட்டிலுள்ள அளவைத் தாண்டவில்லை என உறுதிசெய்ய வேண்டும். புதிய பெல்ட் தொடக்கத்தில் சற்று நீளும் என்பதால், ஏறத்தாழ 24 மணி நேர ஓட்டத்துக்குப் பின் அதே பூட்டு முறையைப் பின்பற்றி மீண்டும் இறுக்க வேண்டும்.

இவை முதலாளியின் விருப்பத்துக்கு விடப்பட்டவை அல்ல. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்து, முதலாளியின் பொதுக் கடமையை மீறுவோருக்கான உச்ச அபராதத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்தின. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணமுள்ள தொழிலாளி, அதைத் தெரிவித்தும் முதலாளி நடவடிக்கை எடுக்காதபோது, அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையும் அதில் உண்டு. கூண்டு இல்லாத பெல்ட்டைக் கண்டு தயங்கும் இளைஞரை, பழக்கமில்லாதவர் என்று மூத்தவர்கள் எள்ளாமல், பூட்டும் சாவியும் அவர் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே அவருக்குக் கற்றுத்தர வேண்டிய முதல் பாடமாகும்.