மின்சாரச் சரக்கு வண்டிகள்: அபாயக் காப்பில் ஒப்பு நோக்க வேண்டியவை

செங்கற்பட்டு, காஞ்சிபுரம் ஜில்லாக்களில் விளையும் கீரையும் காய்கறியும் புஷ்பமும் மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு ஆகிய தென்சென்னைக் கடைத்தெருக்களுக்கு விடியுமுன் போய்ச் சேருதல் வேண்டும். டீசல் செலவைக் குறைக்கும் பொருட்டு மின்சாரத்தால் ஓடும் சிறு சரக்கு வண்டி வாங்கக் கருதும் குடியானவர்கள், விலை, ஏற்றும் பாரம், ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் ஓடும் தூரம் ஆகிய மூன்றையும் விசாரிக்கின்றனர். அபாயக் காப்பை விசாரிப்போர் சிலரே.

மோட்டார் கார்களை மோதவிட்டுப் பரீட்சித்து நட்சத்திர மதிப்பளிக்கும் பாரத் என்கேப் திட்டம் 1-10-2023 முதல் நடைபெறுகிறது. ஆயினும் அது பிரயாணிகள் ஏறும் கார்களுக்கே உரியது. சரக்கு வண்டிகளுக்கு அத்தகைய மதிப்பு கிடையாது. ஆகையால் வாங்குபவர் தாமே அடியிற் கண்ட ஐந்து விஷயங்களிலும் வண்டிகளை ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியமாகும்.

1. பாட்டரி. 2022-ம் வருஷத்தில் இருசக்கர மின்சார வண்டிகள் பல தீப்பற்றியதன் பின், இந்திய அரசாங்கம் பாட்டரிப் பரீட்சைகளைக் கடுமையாக்கிற்று. நான்கு சக்கர வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ். 038 என்ற விதியும், மூன்று சக்கர வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ். 156 என்ற விதியும் உண்டு. அதிர்ச்சி, தீ, குறுக்கு மின்னோட்டம், அளவுக்கு மிஞ்சிய சார்ஜ் முதலியவற்றை பாட்டரி தாங்குகிறதா என்று இவற்றின்படி சோதிக்கின்றனர். திருத்திய விதிகள் 1-12-2022, 31-3-2023 என இரு கட்டங்களாக அமலுக்கு வந்தன. இத்தேதிகளுக்கு முன் செய்யப்பட்ட பழைய வண்டியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோர் இதனைத் தனியே விசாரிக்கக் கடவர். லிதியம் அயர்ன் பாஸ்பேட் வகைப் பாட்டரி, நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் வகையைக் காட்டிலும் அதிக உஷ்ணத்தைத் தாங்கவல்லது. 2022-ல் வெளிவந்த டாட்டா ஏஸ் மின்சார வண்டியில் முற்கூறிய வகையே அமைந்துள்ளது. பிற வண்டிகளில் எவ்வகை என்பதை எழுத்து மூலமாகக் கேட்டறிதல் நலம்.

2. நீர். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது யாவரும் அறிந்ததே. ஐ.பி. 67 என்னும் தரமுள்ள பாட்டரிப் பெட்டி, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் இருப்பினும் நீர் புகாதது என்று பொருள். இது அசையாத நன்னீரில் செய்த சோதனை. வெள்ளத்தில் வண்டியோட்ட அனுமதியன்று. உப்புநீர் இன்னும் கெடுதியானது. 2022-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் வீசிய இயன் புயலில் கடல்நீரில் மூழ்கிய மின்சார வண்டிகள் சில, நீர் வடிந்த பின்னர் தீப்பற்றின. ஆகவே மூழ்கிய வண்டியைச் சார்ஜ் ஏற்றாமலும் ஓட்டாமலும், வீட்டிற்கும் வைக்கோற்போருக்கும் 50 அடிக்கு அப்பால் திறந்த வெளியில் நிறுத்திப் பழுது பார்ப்போரை அழைத்தல் வேண்டும்.

3. பிரேக்கும் பாரமும். வேகம் குறைகையில் மோட்டாரே வண்டியைத் தடுத்து பாட்டரிக்கு மின்சாரம் திருப்பியனுப்பும். பாட்டரி நிறைந்திருக்கும்போது இத்தடுப்புக் குறைந்துவிடும். அப்போது சக்கரப் பிரேக்கே துணை. ஆதலால் குறித்த பாரத்துக்கு மேல் ஏற்றுதல் இவ்வண்டிகளில் பேரபாயம். டாட்டா ஏஸின் முதல் வகைக்கு 600 கிலோவும், 2024-ல் வந்த வகைக்கு 1 டன்னும், அதே வருஷத்தில் வந்த யூலர் ஸ்டார்ம் வண்டியின் ஒரு வகைக்கு 1,250 கிலோவும் அளவாகும். 600 கிலோ வண்டியில் ஒரு டன் கத்தரிக்காய் ஏற்றுவதைவிடப் பெரிய வண்டி வாங்குவதே சிக்கனம். ஸ்டார்மிலும், மகேந்திரா ஜியோ வண்டியிலும் எதிரில் அபாயம் நெருங்கினால் எச்சரிக்கும் காமிரா அமைப்பு உண்டு. விலைக்கேற்ப வகை மாறுமாதலால், தாம் வாங்கும் வண்டியிலேயே அது உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. ஓசையின்மை. மெதுவாகச் செல்லும் மின்சார வண்டி வருவது காதில் விழாது. கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளிலும் ரங்கநாதன் தெருவின் முகப்பிலும் ஜனங்கள் நடுத்தெருவில் நடப்பர். மெதுவாகச் செல்கையில் தானே ஒலியெழுப்பும் கருவியும், பின்னோக்கிச் செல்கையில் எச்சரிக்கும் மணியும் உள்ள வண்டியே மேலானது.

5. சார்ஜ் ஏற்றும் இடம். நல்ல எர்த்து இணைப்புள்ள தனி மின்கம்பியும், கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவியும் இன்றியமையாதவை. நீட்டிப்புக் கம்பிகளைப் பயன்படுத்தலாகாது. மாட்டுத் தொழுவம், வைக்கோற்போர், உரக்கிடங்கு ஆகியவற்றின் அருகிலும் சார்ஜ் ஏற்றலாகாது. தமிழ்நாட்டில் பம்பு செட்டுகளுக்கு வழங்கும் இலவச மின்சாரம் பாசனத்திற்கே உரியது. அவ்விணைப்பில் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது விதிமீறலாகும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. ஊராட்சிகளில் குப்பை சேகரிக்கும் பாட்டரி வண்டிகளுக்கும் இவ்விதிகள் பொருந்தும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் எல்லா மின்சார வண்டிகளையும் மேட்டு நிலத்திற்குக் கொண்டுபோகச் செய்தல் அவர்கள் கடமை. தீப்பற்றினால் புகை நச்சுடையதாதலின் ஜனங்களை விலக்கிவிட்டு, 101 அல்லது 112 எண்ணிற் கூப்பிட்டு, பாட்டரி வண்டி என்பதை முதலிலேயே தெரிவிக்க வேண்டும். அணைப்பதற்கு ஏராளமான நீர் வேண்டும். அணைந்தது போல் தோன்றியபின் மீண்டும் பற்றுவதுமுண்டு.

வாங்குமுன் மேற்கண்ட ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு மூன்று விற்பனைச் சாலைகளில் விடை கேட்டுக் குறித்துக்கொள்க. எழுத்தில் விடையளிக்கத் தயங்கும் இடத்தில் முன்பணம் கொடாதிருத்தலே உத்தமம்.