‘கச்சாப் புரதம்’: ஓர் அடைமொழியின் பொருள்

கறவைப் பசுவுக்குரிய தீவன மூட்டைகளில் ‘கச்சாப் புரதம்’ இத்தனை விழுக்காடு என அச்சிடப்பட்டிருக்கும். படிப்பவர் ‘புரதம்’ என்பதை மனத்திற்கொண்டு, ‘கச்சா’ என்னும் அடைமொழியைக் கடந்து சென்றுவிடுகின்றனர். அவ்வடைமொழி எதைக் குறிக்கிறது?

1883ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு வேதியியலாளர் யோகான் கெல்டால், பொருள்களிலுள்ள நைட்ரஜனை அளக்கும் முறையொன்றை வகுத்தார். புரதத்தில் ஏறக்குறைய 16 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. எனவே, அளந்த நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கிக் கிடைக்கும் எண்ணையே கச்சாப் புரதம் என்கின்றனர். புரதமே அல்லாத யூரியாவும் இக்கணக்கில் புரதமாகிவிடும்.

பசுவின் உடலுக்குத் தேவைப்படுவனவோ அமினோ அமிலங்கள். எழுத்துகள் சேர்ந்து சொல்லாவதுபோல், 20 வகை அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டுப் புரதமாகின்றன. கையால் அச்சுக்கோத்த காலத்தில், ஓர் எழுத்து தீர்ந்துவிட்டால், பிற எழுத்துகள் குவிந்து கிடந்தாலும் பக்கம் முடியாது. மடியில் பாற்புரதம் உருவாவதும் அத்தகையதே. அவ்வாறு முதலில் பற்றாக்குறையாவதை ‘வரம்பிடும் அமினோ அமிலம்’ எனலாம். மக்காச்சோளத்தில் லைசின் குறைவு. சோயாப் புண்ணாக்கில் மெத்தியோனின் குறைவு. ஆகவே, இவ்விரண்டுமே பெரும்பாலும் வரம்பிடுகின்றன. பதப்படுத்திய புல்லை முதன்மைத் தீவனமாக உண்ணும் பின்லாந்துப் பசுக்களில் ஹிஸ்டிடின் வரம்பிடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

குறையும் அமிலத்தைத் தீவனத்தில் கலந்துவிட்டால் போதாதா? போதாது. அசையூண் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகின்றன. அதனால், கொழுப்பு முதலியவற்றால் பூசிக் காக்கப்பட்ட மெத்தியோனின் அளிக்கப்படுகிறது. அது சிதையாமல் சிறுகுடலை அடைந்து உறிஞ்சப்படுகிறது. குறையறிந்து நிரப்பினால் பாலில் புரதம் உயரும். தீவனத்தின் மொத்தப் புரதத்தைக் குறைக்கவும் இயலும். குறையறியாது புரதத்தை மட்டும் கூட்டினால், மிகுதி யூரியாவாகிச் சிறுநீரில் கழியும். பொதுவாக, பசு உண்ணும் நைட்ரஜனில் ஏறத்தாழக் கால் பங்கே பாலைச் சேர்கிறது.

அளவையையும் பொருளையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம், இழப்போடு நின்றுவிடுவதில்லை. 2008ஆம் ஆண்டில் சீனாவில், நீர் கலந்த பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் சேர்க்கப்பட்டது வெளிப்பட்டது. நைட்ரஜனை மட்டும் அளந்த சோதனை அதனைப் புரதமெனவே காட்டியது. அப்பாலில் செய்த பால்மாவை உண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 300,000 பேர் பாதிக்கப்பட்டனர். ஆறு குழந்தைகள் மாண்டதாக அறிவிக்கப்பட்டது.

கலைச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், அது எதனை அளக்கிறது, எதனை அளக்கவில்லை என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். மாணவரும் அடைமொழியை விட்டுவிடாமல் படித்தல் வேண்டும். ‘கச்சா’ என்னும் அச்சிறு சொல், அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை நமக்கு முன்னரே சொல்லி வைத்திருக்கிறது.