குறை நாவிலா, செவியிலா?

திக்கிப் பேசும் குழந்தையின் குறை எங்கே இருக்கிறது? அறிஞர்கள் பலர் ஆராயத் தொடங்குமுன்பே இதற்கு ஒரு விடையை உள்ளத்தில் கொண்டிருந்தனர். அந்த முன்முடிவே குழந்தைக்கு என்ன செய்வது என்பதையும் தீர்மானித்தது.

குறை நாவில் என்பது மிகப் பழைய எண்ணம். அதை நம்பிய ஜெர்மானிய அறுவை மருத்துவர் டீஃபன்பாக் 1841-இல் திக்குவாய் உடையோரின் நாவை அறுத்தார். மயக்க மருந்து வழக்கிற்கு வராத காலம் அது!

இருபதாம் நூற்றாண்டில், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டிராவிஸ் என்பவர் குறையை மூளையில் தேடினார். அங்கேயே பணியாற்றிய வெண்டல் ஜான்சன், தாமே திக்குவாய் உடையவர், வேறு விதமாக எண்ணினார். மழலையில் தடுமாறுதல் இயல்பு. பெற்றோர் அதை நோயென்று அஞ்சுவதாலேயே அது திக்குவாயாக முற்றுகிறது என்றார். குறை நாவை விட்டுக் கேட்போர் செவிக்கு மாறியது.

1939-இல் அவருடைய மாணவி ஒருவர், அநாதை இல்லத்துக் குழந்தைகள் 22 பேரிடம் சோதனை நடத்தினார். சரளமாகப் பேசிய சிலரிடமும் "உனக்குத் திக்குகிறது" என்று கூறப்பட்டது. அவர்கள் பேசவே கூசினர். ஆயினும், சொல்லினாலேயே திக்குவாய் பிறக்கும் என்பது மெய்ப்படவில்லை. ஒரு கொள்கைக்காகக் கேட்பாரற்ற குழந்தையைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணமும் ஒரு முன்முடிவே அன்றோ? 2001-இல் அப்பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரியது.

2010-இல் திக்குவாயோடு தொடர்புடைய சில மரபணு மாற்றங்கள் கண்டறியப்பட்டன. மரபும் மூளை வளர்ச்சியும் இதில் பங்கு கொள்கின்றன என்பதே இன்றைய கருத்து. பெற்றோர் மீது பழியில்லை. ஆனால் அஞ்சியும் கூசியும் குழந்தை வாய்மூடுவதில் கேட்போருக்குப் பங்குண்டு.

அயல் மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களில் தமிழோடு வேறு மொழியும் வழங்குகிறது. குழந்தை திக்கினால், "வீட்டில் தமிழை விடுங்கள்" என்று கூறுவோர் உண்டு. இருமொழி பேசுவதால் திக்குவாய் உண்டாகும் என்பதற்குத் தக்க சான்றில்லை. சான்றில்லா முன்முடிவுக்காகப் பாட்டியோடு பேசும் மொழியைப் பறிக்கலாமா?

சிறுவயதில் திக்குவோரில் பெரும்பாலோர்க்கு அது தானே நீங்கிவிடும். நீடித்தால் பேச்சுப் பயிற்சி வல்லுநரை நாடுக. எந்நிலையிலும், குழந்தையின் சொல்லை நாம் முடித்து வைக்காமல், அது சொல்லி முடிக்கும்வரை பொறுத்துக் கேட்போமாக!