ஒரு புள்ளியால் வந்த தோல்வி

நேயர்களே, கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பது நம்மவர் வழக்கிலுள்ள பழமொழி. கைக்கே எட்டாத பொருளைக் குறித்து எவரும் நெடுநாள் வருந்துவதில்லை. கையில் வந்து விரலிடுக்கால் நழுவிய பொருளே நெஞ்சை அரிக்கின்றது. விளையாட்டு உலகில் இவ்வுண்மைக்குச் சான்று தேடுவோர், 1992ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நிகழ்ந்த ஒரு கூடைப்பந்தாட்டத்தை நோக்குதல் போதும். அன்று டியூக் பல்கலைக்கழக அணி 104 புள்ளிகளும் கென்டக்கிப் பல்கலைக்கழக அணி 103 புள்ளிகளும் பெற்றன. வேறுபாடு ஒரேயொரு புள்ளி. ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் கென்டக்கி மக்கள் அவ்வாட்டத்தைப் பற்றிப் பேசி ஓயவில்லை. மயிரிழையில் வந்த தோல்வி ஏன் இத்துணைக் காலம் வாழ்கின்றது? தோற்ற அணியின் இரசிகர்கள் அதனை எவ்வாறு ஏற்றனர்? இவ்விரு வினாக்களையும் இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில், கென்டக்கி மாநிலத்தில் இவ்விளையாட்டுக்குள்ள இடத்தை அறிதல் வேண்டும். கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டில் மசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரால் வகுக்கப்பட்டது. அமெரிக்காவின் பெருநகரங்கள் பலவற்றிலே, சம்பளம் பெற்று ஆடும் தொழில்முறை அணிகளையே மக்கள் தம் அணிகளாகக் கொள்கின்றனர். கென்டக்கியிலோ 1976ஆம் ஆண்டின் பின்னர் அத்தகைய முதல்தர அணி ஒன்றும் இல்லை. ஆகவே பல்கலைக்கழக மாணவர் அணியே மாநிலம் முழுவதற்கும் உரிய அணியாயிற்று. 1930 முதல் 1972 வரை அடொல்ப் ரப் என்பவர் அதன் பயிற்றுநராக இருந்து 876 வெற்றிகளை ஈட்டினார். நான்கு முறை தேசிய சம்பியன் பட்டம் பெற்றுக் கொடுத்தார். லெக்சிங்டன் நகரில் அவர் பெயரால் 1976இல் திறக்கப்பட்ட அரங்கு இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரத்தக்கது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும், புகையிலை பயிரிடும் குடியானவரும், பல்கலைக்கழக வாயிலையே மிதித்தறியாத முதியோரும் அவ்வணியைத் தம் வீட்டுப் பிள்ளைகளைப் போலப் பேணினர்.

இத்துணைப் பெருமை வாய்ந்த அணிக்கு 1989ஆம் ஆண்டிலே பெரும் இழுக்கு வந்துற்றது. மாணவ வீரரைச் சேர்ப்பதில் விதிகள் மீறப்பட்டன என்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தண்டனை விதித்தது. ஈராண்டுகளுக்குத் தேசியச் சுற்றுப்போட்டியில் இடமில்லை. ஓராண்டுக்கு அணியின் ஆட்டங்களை நேரடியாகத் தொலைக்காட்சியில் காட்டவும் தடை. திறமை மிக்க வீரர் சிலர் வேறு பல்கலைக்கழகங்களை நாடிச் சென்றனர். போகாது நின்றவருள் நால்வர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். ரிச்சி பார்மர், ஜோன் பெல்ப்ரி, டெரன் பெல்ட்ஹவுஸ், ஷோன் வூட்ஸ் என்போரே அந்நால்வர். முதல் மூவரும் கென்டக்கியின் சிற்றூர்களில் பிறந்து வளர்ந்தவர்கள். நான்காமவர் அயல் மாநிலமான இந்தியானாவைச் சேர்ந்தவர். புதிய பயிற்றுநராக ரிக் பிட்டினோ வந்தார். தடைக்காலத்தின் முதலாண்டில் அணி 14 ஆட்டங்களில் வென்று 14இல் தோற்றது. அவ்வாண்டில் இரசிகர்கள் தம் அணியை நேரடியாகத் தொடர்வதற்கு அரங்கினை விட்டால் வானொலி ஒன்றே இருந்தது. 1953 முதல் அவ்வணியின் ஆட்டங்களை வர்ணித்து வந்த கேவுட் லெட்போர்ட் என்பாரின் குரல் மலைக்கிராமங்களிலும் பண்ணை வீடுகளிலும் ஒலித்தது. தடை நீங்கிய 1992இல், அணி மீண்டும் தேசியச் சுற்றுப்போட்டியில் இடம்பெற்றது.

அறுபத்துநான்கு அணிகள் மோதிய அச்சுற்றுப்போட்டியில் ஒருமுறை தோற்றாலும் வெளியேறுதல் வேண்டும். பிலடெல்பியாவில் வெல்லும் அணி இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாகும். எதிரே நின்ற டியூக் அணியோ முதலாண்டின் தேசிய சம்பியன். மைக் ஷஷெவ்ஸ்கி அதன் பயிற்றுநர். கிறிஸ்டியன் லேட்னர் அதன் தலைசிறந்த வீரர். இரண்டாம் பாதியில் ஒரு கட்டத்தில் 12 புள்ளிகள் பின்தங்கிய கென்டக்கி, மைதானம் முழுவதும் எதிரியை நெருக்கி ஆடி மீண்டது. கல்லூரி ஆட்டத்திற்குரிய 40 நிமிடங்களும் முடிந்தபோது இரு அணிகளும் 93 புள்ளிகளுடன் சமநிலையில் நின்றன. இவ்வாறு நேர்ந்தால் ஐந்து நிமிட மேலதிக நேரம் வழங்குதல் விதி. அந்த ஐந்து நிமிடங்களின் இறுதிப் பகுதியில் முன்னிலை மாறி மாறி வந்தது. கென்டக்கியின் சிறந்த வீரரும் 28 புள்ளிகள் பெற்றவருமாகிய ஜமால் மாஷ்பர்ன் ஐந்தாவது தவறிழைத்து, விதிப்படி களத்தை விட்டு நீங்கினார். அத்தவற்றுக்காகக் கிடைத்த இரு எறிதல்களையும் லேட்னர் கூடையிலிட, டியூக் ஒரு புள்ளி முன்னேறியது. பின்னர் ஷோன் வூட்ஸ் உயரமான லேட்னரின் கைக்கு மேலாகப் பந்தை எறிந்தார். அது பின்பலகையிற் பட்டுக் கூடைக்குள் வீழ்ந்தது. கென்டக்கி 103, டியூக் 102. மணிக்கூட்டில் எஞ்சியிருந்தது 2.1 செக்கன்.

ஆட்டத்தின் விதி ஒன்றை இவ்விடத்தில் விளக்குதல் நன்று. கூடைக்குட் பந்து வீழ்ந்தபின், மற்றைய அணி தன் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிதல் வேண்டும். களத்திலுள்ள வீரர் ஒருவர் அப்பந்தைத் தொடும்வரை, நிறுத்தப்பட்ட மணிக்கூடு மீண்டும் ஓடாது. ஆகவே பந்து எவ்வளவு தூரம் காற்றிற் பறந்தாலும் அதற்கு நேரச் செலவில்லை. 94 அடி நீளமான களத்தில், டியூக் வீரர் கிராண்ட் ஹில் சுமார் 75 அடி தூரம் பந்தை எறிந்தார். எதிர்க்கூடைக்குச் சமீபமாக, அதற்குப் புறங்காட்டி நின்ற லேட்னர் அதனை எட்டிப் பிடித்தார். ஒருமுறை நிலத்திற் தட்டினார்; திரும்பினார்; எறிந்தார். நேரம் முடிந்தது; பந்தும் கூடைக்குள் வீழ்ந்தது. அன்று லேட்னர் களத்திலிருந்து எறிந்த பத்தும், தவறுகளுக்காகக் கிடைத்த பத்தும், ஒன்றேனும் பிழைக்கவில்லை. அவர் பெற்ற மொத்தப் புள்ளிகள் 31.

இனி, இரசிகரின் உள்ளத்திற்கு வருவோம். 1982ஆம் ஆண்டில் டானியல் கானமன், ஏமொஸ் ட்வெர்ஸ்கி என்னும் உளவியலறிஞர் இருவர் ஒரு சிறு கதையைக் கூறிப் பலரை வினாவினர். இருவர் வெவ்வேறு விமானங்களைப் பிடிக்க ஒரே வாகனத்திற் செல்கின்றனர். வழியில் நெரிசலால் அரைமணி நேரம் பிந்துகின்றனர். ஒருவரின் விமானம் உரிய நேரத்திற் போய்விட்டது. மற்றவரின் விமானமோ தாமதித்து, ஐந்து நிமிடங்களுக்கு முன்னரே புறப்பட்டது. இவருள் யார் மிகுதியாக மனம் நோவார்? ஐந்து நிமிடத்தால் தவறவிட்டவரே என்று ஏறத்தாழ எல்லோரும் விடை கூறினர். நட்டம் இருவர்க்கும் ஒன்றே. ஆயினும் ஐந்து நிமிடத்தை மனத்தால் மீட்டெடுத்தல் எளிது. அரைமணி நேரத்தை மீட்டல் அரிது. 'அது மட்டும் நேராதிருந்தால்' என்னும் எண்ணம் தோல்வி நெருங்க நெருங்க வலுக்கின்றது.

முப்பது புள்ளிகளால் தோற்ற அணியின் இரசிகர் எதனை மாற்றியமைப்பார்? அவர் பெருமூச்செறிந்து உறங்கச் செல்வார். ஒரு புள்ளியால் தோற்றவரோ ஆட்டத்தின் ஒவ்வொரு கணத்தையும் எடுத்துத் திருத்திப் பார்க்கின்றார். கென்டக்கி இரசிகர்கள் முக்கியமாக இரண்டு நிகழ்ச்சிகளைத் திருத்தினர். ஒன்று, பந்தை எறிந்த கிராண்ட் ஹிலின் முன்னே தடுப்பாளர் எவரையும் நிறுத்தாதது. பிட்டினோ அவ்வீரரை லேட்னரைச் சூழும் காவலுக்கு அனுப்பியிருந்தார். மற்றொன்று, இரண்டாம் பாதியில் கீழே வீழ்ந்து கிடந்த கென்டக்கி வீரர் ஒருவரின் மார்பில் லேட்னர் காலால் மிதித்தது. நடுவர் அதற்குத் தண்டனை விதித்தாரேயன்றி அவரைக் களத்தினின்றும் நீக்கவில்லை. நீக்கியிருந்தால் இறுதி எறிதலே இல்லையன்றோ என்பது இரசிகரின் வாதம்.

இவ்வாதங்களில் நியாயம் இல்லை என்று கூறுதல் இயலாது. மார்பில் மிதித்தது தகாத செயலே. ஆயினும் இறுதிக் கணத்தின் ஒளி, ஏனைய கணங்களை இருளில் ஆழ்த்திவிடுகின்றது. நாற்பத்தைந்து நிமிட ஆட்டத்தில் தவறவிட்ட ஒவ்வோர் எறிதலும் ஒரு புள்ளிக்குக் குறையாத மதிப்புடையதே. எனினும் அவற்றை எவரும் நினைவு கூர்வதில்லை. மேலும், அதே பருவத்தில் வேக் பாரெஸ்ட் அணிக்கு எதிராகவும் டியூக் இதே நெடிய எறிதலை முயன்றது. அன்று பந்து வளைந்து சென்று, முயற்சி வீணாயிற்று. தடுப்பாளரை எங்கே நிறுத்துவது என்னும் தீர்மானம் பந்து கூடைக்குள் வீழ்ந்தமையாலேயே பிழையென்று பெயர் பெற்றது. வீழாதிருந்தால் அதுவே மதிநுட்பமெனப் புகழப்பட்டிருக்கும். பலனைக் கண்டபின் காரணத்தைப் பழித்தல் மனித இயல்பு.

இரசிகரைப் பற்றிய மற்றோர் ஆராய்ச்சியும் இங்குக் கருதத்தக்கது. 1976ஆம் ஆண்டில் ரொபர்ட் சால்டினி என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும், தம் பல்கலைக்கழக அணி அமெரிக்க உதைபந்தாட்டத்தில் வென்ற வாரங்களில் மாணவர் எவ்வாறு ஒழுகினர் என்று கவனித்தனர். வென்ற பின்னர் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த ஆடைகளை அவர்கள் மிகுதியாக அணிந்தனர். 'நாங்கள் வென்றோம்' என்றனர். தோற்றபோதோ 'அவர்கள் தோற்றார்கள்' என்று சொல்லும் போக்கே மிகுந்தது. பிறர் ஒளியிற் குளிர்காயும் உள்ளம் ஒளி மங்கியதும் விலகிப் போகின்றது.

கென்டக்கியில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. ஏப்பிரில் 7ஆந் திகதி, அதாவது தோல்வி நேர்ந்து பத்தே நாட்களில், லெக்சிங்டன் அரங்கில் இரசிகர்கள் கூடினர். அங்கே மூத்த வீரர் நால்வரின் மேற்சட்டைகளும் அரங்கின் கூரையை நோக்கி உயர்த்தப்பட்டு, பழம்பெரும் வீரர்களின் சட்டைகளோடு நிலையாகத் தொங்கவிடப்பட்டன. இவர்கள் பெற்ற புள்ளிக்கணக்கு அத்தகைய சிறப்புக்குப் போதுமானதன்று. தேசியப் பட்டமும் இவர்கள் பெற்றிலர். பிறர் நீங்கியபோது நீங்காது நின்றமைக்கே அச்சிறப்பு அளிக்கப்பட்டது. 'மறக்கவொண்ணாதவர்' என்னும் பெயர் இவர்களுக்கு நிலைத்தது. மக்கள் 2.1 செக்கனைக் கொண்டு அவர்களை அளக்காது, நான்கு ஆண்டுகளைக் கொண்டு அளந்தனர்.

வென்றவரிடத்தும் ஒரு நற்செயலைக் காண்கின்றோம். ஆட்டம் முடிந்ததும் டியூக் பயிற்றுநர் ஷஷெவ்ஸ்கி, தம் அணியினரின் ஆரவாரத்தினின்றும் விலகிக் கென்டக்கி வானொலியினர் அமர்ந்திருந்த மேசைக்குச் சென்றார். லெட்போர்டின் ஒலிவாங்கி வழியே, கண்ணீரோடு கேட்டுக்கொண்டிருந்த மாநில மக்களுக்கு அவர்தம் அணியின் ஆற்றலைப் பாராட்டிப் பேசினார். ஓய்வு பெறும் முடிவை முன்னரே அறிவித்திருந்த லெட்போர்ட் முப்பத்தொன்பது ஆண்டுகள் கென்டக்கிக்காகச் செய்த வர்ணனையில் அதுவே இறுதி ஆட்டம். தோற்றவர் இல்லங்களுக்கு வென்றவரின் மரியாதையைக் கொண்டு சேர்த்தது வானொலியே என்பதில் ஒலிபரப்புத் துறையினர் பெருமை கொள்ளலாம்.

ஆயினும் இரசிகரின் அன்புக்கு ஒரு நிழலும் உண்டு. லேட்னர்மீது கொண்ட வெறுப்பு எளிதில் ஆறவில்லை. 2015ஆம் ஆண்டிலே அவ்வெறுப்பையே பொருளாகவும் தலைப்பாகவும் கொண்ட ஆவணப்படம் ஒன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளிவந்தது என்றால், அதன் நீளத்தை ஊகித்துக்கொள்ளலாம். 1998இல் இதே இரு அணிகளும் மீண்டும் அதே நிலைச் சுற்றில் மோதின. அன்று 17 புள்ளிகள் பின்தங்கிய கென்டக்கி, 86க்கு 84 என வென்று, பின்னர் தேசியப் பட்டத்தையும் பெற்றது. புதிய வெற்றி வந்தது. பழைய நோவு முற்றாக நீங்கியதோ எனில், இல்லை. ஏனெனில் வேறொரு நாளின் வெற்றி அந்த 2.1 செக்கனை மாற்றித் தருவதில்லை.

ஆகவே, நேயர்களே, நெருங்கிய தோல்வியை மறக்குமாறு இரசிகருக்குக் கூறுதல் பயனற்றது. மனம் அக்கணத்திற்கு மீண்டும் மீண்டும் திரும்பவே செய்யும். திரும்பிச் சென்று எதனை எடுத்து வருவது என்பதே நம் கையிலுள்ளது. ஒருவர் அங்கிருந்து பழியை எடுத்து வருகின்றார்: பயிற்றுநரின் பிழை, நடுவரின் பிழை, எதிரியின் கொடுமை. மற்றொருவர், சம்பியன் அணியைக் கடைசிச் செக்கன் வரை நடுங்கவைத்த நான்கு இளைஞரின் உறுதியை எடுத்து வருகின்றார். இருவர் உள்ளத்தும் இருப்பது ஒரே ஆட்டமே. கென்டக்கி மக்கள் லேட்னரை மன்னிக்கக் காலம் பிடித்தது. தம் பிள்ளைகளை அணைத்துக்கொள்ள அவர்களுக்குப் பத்து நாட்களே போதுமாயின. இதனைக் கருதும்போது, தோல்வியுற்ற அணி வீடு திரும்புகையில் வாயிலில் நின்று வரவேற்பதும் இரசிகரின் கடமைகளுள் ஒன்று என்பது தெளிவாகின்றது.