திறந்த வீடு – 14: உக்காந்து எந்திச்சுப் பாருங்க

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு சின்னத் தையற்கடை. கால்சட்டை பின்பக்கம் கிழிந்துவிட்டது என்று கொண்டுபோனால், கடைக்கார அண்ணாச்சி ஒட்டுப் போட்டு, துணியை உள்புறம் திருப்பித் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிசிறு நின்றால் பல்லால் கடித்து எடுப்பார். அதோடு விடமாட்டார். மூலையில் ஒரு பழைய திரை தொங்கும். "போட்டு உக்காந்து எந்திச்சுப் பாருங்க. பெறவு துட்டு குடுக்கலாம்" என்பார்.

ஒருமுறை அவர் சொன்னபடி உட்கார்ந்தேன். தையலில் ஒரு குறையும் இல்லை. ஒட்டுக்குப் பக்கத்திலிருந்த பழைய துணி 'டர்' என்று கிழிந்தது. ஒட்டு அவ்வளவு கெட்டி. நைந்த துணியால் அதன் இழுப்பைத் தாங்க முடியவில்லை. வெளிச்சத்தில் எத்தனை நேரம் பிடித்துப் பார்த்திருந்தாலும் அது தெரிந்திருக்காது.

கணினிக்காரர்கள் 'பேட்ச்' என்பதும் இந்த ஒட்டைத்தான். காகித நாடாவில் துளையிட்டு நிரல் எழுதிய காலத்தில், தப்பான துளையை மறைக்க உண்மையாகவே காகிதத் துண்டை ஒட்டினார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. போன வாரம் லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்கு ஒரு திருத்தம் எப்படி எழுதப்படுகிறது என்று பார்த்தோம். நீக்கும் வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்க்கும் வரிக்கு முன்னால் கூட்டல் குறி. 1985இல் லாரி வால் எழுதிய 'பேட்ச்' என்ற நிரல் அந்தக் குறிகளைப் படித்து மூலத்தில் மாற்றத்தைச் செய்துவிடும். எழுதுவது அவ்வளவுதான். எழுதியதை வீட்டுக்குள் விடுவதா என்று முடிவு செய்வதுதான் பெரும்பாடு.

கிரயப் பத்திரத்தின் அடியில் எழுதிக் கொடுத்தவர், சாட்சி, சாட்சி என்று கையெழுத்துகள் வரிசையாக இருக்குமல்லவா? கெர்னலுக்கு வரும் ஒவ்வொரு ஒட்டின் அடியிலும் அப்படி ஒரு வரிசை உண்டு. முதலில், 'இது என் கைப்பட எழுதியது, கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்று எழுதியவர் ஒப்பமிட வேண்டும். எஸ்சிஓ என்ற நிறுவனம் லினக்ஸில் தன் நிரல் இருக்கிறது என்று 2003இல் வழக்குக்குப் போன பிறகு, 2004இல் வந்த ஏற்பாடு இது. அடுத்து 'படித்து ஆய்ந்தவர்' என்று ஒரு பெயர். அதற்கும் கீழே, இருந்தால், 'சோதித்தவர்' என்று இன்னொரு பெயர். படித்தவரும் சோதித்தவரும் ஒரே ஆளாக இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே வரி ஆகாது. படித்தேன் என்பது ஒரு சாட்சியம், ஓட்டிப் பார்த்தேன் என்பது வேறு சாட்சியம்.

நம் ஊரில் இந்த இரண்டாவது சாட்சிக்கு மரியாதை குறைவு. கல்யாண வீட்டுப் பந்தியில், "பையன் டெஸ்டிங்லதான் இருக்கானா?" என்று கேட்கும்போது அந்த 'தான்' எவ்வளவு கனமாக விழும் என்பது கேட்டவருக்குத் தெரியும். அந்த 'தான்'ஐக் கொஞ்சம் உரசிப் பார்க்கவே இந்த வாரம்.

படிப்பதில் தேர்ந்தவர்கள் எவ்வளவு சிறிய இடத்தில் இடறலாம் என்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். டெபியன் நமக்குத் தூரத்து உறவல்ல. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் 'பாஸ்' லினக்ஸ் என்று ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? பாளையங்கோட்டைக் கல்லூரிப் பிள்ளைகள் பலர் ஒருமுறை திறந்துவிட்டு மூடிய அதேதான். சென்னை சி-டாக்கில் உருவான அந்த 'பாஸ்', டெபியனின் பிள்ளை.

ரகசியச் சாவிகளை உருவாக்கும் 'ஓபன்எஸ்எஸ்எல்' என்ற நிரல் தொகுப்பில் இரண்டு வரிகள் நினைவகத்தைச் சரிபார்க்கும் கருவியிடம் ஓயாமல் திட்டு வாங்கிக்கொண்டிருந்தன. டெபியனில் அதைப் பராமரித்தவர், நீக்கினால் பாதகமுண்டா என்று முன்கூட்டியே கேட்டார். யாரும் கடுமையாக மறுக்கவில்லை. 2006இல் நீக்கினார். பார்க்கப் போனால் நேர்மையான, சுத்தமான ஒட்டு. ஆனால் அந்த இரண்டு வரிகளில் ஒன்றின் வழியாகத்தான் சாவிக்கு வேண்டிய தற்செயல்தன்மை உள்ளே போய்க்கொண்டிருந்தது. அது அடைபட்ட பிறகு, ஓடும் நிரலுக்குக் கணினி கொடுக்கும் வரிசை எண் மட்டுமே மிஞ்சியது. அது 32,768ஐத் தாண்டாது. உலகத்துக்கே பொதுவான பூட்டில், ஒவ்வொரு வகைக்கும் முப்பத்து மூவாயிரத்துக்கும் குறைவான சாவிகள்! உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் தீர்ந்தது. லூசியானோ பெல்லோ என்ற டெபியன்காரர் கண்டுபிடித்து, 2008 மே 13ஆம் தேதி அறிவிப்பு வரும்வரை ஏறத்தாழ இருபது மாதம், ஊரறிய, எல்லோர் கண் முன்னாலும் அந்த நிரல் கிடந்தது.

போதிய கண்கள் பார்த்தால் எந்தப் பிழையும் மேலே மிதந்துவிடும் என்பது திறந்த மூல உலகின் வேதவாக்கு. 1997இல் எரிக் ரேமண்ட் அந்தக் கருத்தைச் சொல்லி, அதற்கு லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பெயரையும் சூட்டினார். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். டெபியன் கதையில் கண்களுக்குப் பஞ்சமில்லை. ஆயிரம் சாவிகளைச் செய்து, ஒன்றுபோல் இன்னொன்று வருகிறதா என்று பார்க்கும் கைதான் இல்லை. 2024 மார்ச்சில் 'எக்ஸ்இசட்' என்ற சுருக்க நிரலில் யாரோ வஞ்சகமாக வைத்த கள்ளக்கதவு எப்படி அகப்பட்டது? நிரலைப் படித்து அல்ல. ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்பவர் வேறொரு வேலையாக வேகம் அளந்துகொண்டிருந்தார். கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று உறுத்தியது. அந்த அரை விநாடியின் வாலைப் பிடித்துப் போனார்.

இப்போது இயந்திரங்களும் சோதிக்கின்றன. இன்டெலின் தானியங்கி ஒன்று, வரும் ஒட்டுகளை எடுத்து விதவிதமான அமைப்புகளில் கட்டிப் பார்த்து, உடைந்தால் எழுதியவருக்கே சீட்டு அனுப்பிவிடும். கூகுளின் 'சிஸ்பாட்' கெர்னலுக்குக் கன்னாபின்னாவென்று கட்டளை கொடுத்து எங்கே விழுகிறது என்று பார்க்கும். ஒவ்வொரு வெளியீட்டிலும் பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள் நுழையும் இடத்தில் இவை இல்லாமல் காலம் தள்ள முடியாது. விழுந்ததா, விழவில்லையா என்பதை அவை சொல்லும். பேச்சு புரிந்ததா என்பதைச் சொல்லா.

பேச்சு என்றதும் திண்ணைக்கு வருகிறேன். 2008இல் கெர்னலுக்கு ஒரு திண்ணை கட்டினார் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன். இன்னும் உள்ளே விடும் தரத்துக்கு வராத, ஆனால் விரட்டவும் மனமில்லாத நிரல்கள் அங்கே உட்காரலாம். 'ஸ்டேஜிங்' என்று பெயர். திருந்தினால் உள்ளே, திருந்தாவிட்டால் ஒருநாள் தெருவில். 2010இல் 'ஸ்பீக்கப்' அந்தத் திண்ணையில் ஏறியது. கிர்க் ரெய்சர் தொடங்கி, பார்வையற்ற பயனர்களிடையே ஏற்கெனவே பல ஆண்டு புழங்கிவந்த திரைவாசிப்பான் அது. திரையில் வரும் எழுத்தை அது வாய்விட்டுச் சொல்லும்.

மற்றத் திரைவாசிப்பான்கள் கணினி முழுதாக எழுந்த பிறகே வாய் திறக்கும். ஸ்பீக்கப் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால், கணினி எழும்போதே பேசத் தொடங்கிவிடும். ஏதோ பழுதாகி எழாமல் போகிறதென்றால் எதனால் என்பதையும் காதால் கேட்கலாம். பார்வையுள்ளவர் திரையில் ஓடும் வெள்ளை எழுத்தைப் பார்த்து, "டிஸ்க் போச்சு போல" என்று சொல்லிவிடுகிறாரே, அந்த வசதி இது.

பின் எதற்காகத் திண்ணையில் உட்காரவைத்தார்கள்? குரல் கொடுக்கும் பெட்டிகளைச் சீரியல் கேபிள் வழியாகக் கணினியோடு இணைப்பது வழக்கம். கெர்னலில் சீரியல் துளைக்கென்றே ஒரு பாதை இருக்க, ஸ்பீக்கப் அதை மதிக்காமல் நேரே வன்பொருளைத் தொட்டுப் பேசிக்கொண்டிருந்தது. புறவாசல் வழியாகப் போய்வரும் விருந்தாளிபோல. யுஎஸ்பி வழியாக இணைக்கும் சீரியல் கேபிள்கள் வந்ததும் அந்தப் புறவாசல் உதவாமல் போனது. ஆக, முறையான பாதைக்கு மாற்றி எழுத வேண்டும். படிப்பவர்கள் இதைச் சரியாகவே சுட்டிக்காட்டினார்கள். அதற்கு அவர்கள் கண் போதும்.

மாற்றி எழுதியது பேசுகிறதா என்று யார் சொல்வது? டெக்டாக் போன்ற குரல் பெட்டிகள் 1980களின் சரக்கு. ஸ்டீபன் ஹாக்கிங்கின் குரலுக்கும் டெக்டாக்குக்கும் மூலவர் ஒருவரே, டென்னிஸ் கிளாட். அந்தப் பெட்டியைத் தேடி வாங்க முடியாது. வீட்டில் வைத்துப் புழங்கியவரிடம்தான் இருக்கும். அவர் ஒட்டைப் போட்டு, கேபிளைச் செருகி, காதை வைத்துக் கேட்க வேண்டும். சொல் பாதியில் வெட்டுப்படுகிறதா? விசையை அழுத்தியதும் பழைய வாக்கியத்தை நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்குகிறதா, இல்லை வால்போல் இழுத்துச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வருகிறதா? நிரலின் வரிகளில் இதற்கு விடை இல்லை. பத்து ஆண்டு திண்ணையில் இருந்துவிட்டு, 2020இல் 5.9 பதிப்பில் ஸ்பீக்கப் வீட்டுக்குள் வந்தது.

இதைப் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பெயரெடுத்த இந்த ஊரில், 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி இன்றும் நடக்கிறது. ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் பெயரில் காது கேளாதோர் பள்ளியும் இங்கேயே. விரலால் தமிழ் படிக்கும் தலைமுறைகள் நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்துவரும் ஊர் என்று இதை இன்னும் யாரும் விளம்பரப்படுத்தவில்லை. அல்வாவுக்குக் கிடைத்த புகழ் அதற்குக் கிடைக்கவில்லை.

இந்திய மொழிகளுக்குத் தனித்தனியாகப் பல பிரெயில் முறைகள் இருந்து, 1951இல் பாரதி பிரெயில் என்று ஒன்றானது. தமிழையும் அதில்தான் எழுதுகிறோம். கணினியில் உள்ள தமிழை அந்தப் புள்ளிகளாக மாற்றித் தருவது 'லிப்லூயி' என்ற திறந்த மூல நிரல் தொகுப்பு. 2002இல் அதைத் தொடங்கிய ஜான் பாயர், பார்வையும் செவிப்புலனும் இல்லாதவர். தான் எழுதிய நிரலின் விளைவைத் திரையில் பார்க்கவும் முடியாது, ஒலியில் கேட்கவும் முடியாது; விரலில் வாங்கித்தான் சரிபார்க்க வேண்டும். லினக்ஸின் ஓர்கா, விண்டோஸின் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் எல்லாம் இன்று அந்தத் தொகுப்பை நம்பித்தான் பிரெயில் காட்டுகின்றன.

எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளிகள் என்று அதற்குச் சொல்லும் தமிழ் அட்டவணையில் ஓர் இடம் பார்வையுள்ளவரை நிச்சயம் தடுமாற வைக்கும். 'க்' என்று தட்டினால் கணினிக்குள் முதலில் ககரம், அடுத்துப் புள்ளி. பள்ளியில் சிலேட்டில் நாம் எழுதிய வரிசையும் அதுவே. பிரெயிலில் புள்ளிக்கான குறி முன்னால், ககரம் பின்னால். அடுத்து வருவது மெய் என்று விரலுக்கு முதலிலேயே சொல்லிவிடும் ஏற்பாடு. கொம்பு விஷயம் இதற்கு நேர்மாறு. 'கெ' என்றால் கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது. விரல் ககரத்தைத் தொட்டுவிட்டு எகரத்துக்குப் போகிறது, வாய் உச்சரிக்கும் அதே வரிசையில். எனக்கென்னவோ கண்ணைவிட விரல்தான் தமிழை ஒழுங்காகப் படிக்கிறது என்று தோன்றும்.

நல்லெண்ணம் கொண்ட ஒரு நிரலர், பார்வையுள்ளவர், தமிழும் தெரிந்தவர், இந்த அட்டவணையைப் படிக்கிறார் என்று வையுங்கள். புள்ளி முன்னால் நிற்கிறது. 'வரிசை பிசகிவிட்டது' என்று ஓர் ஒட்டு எழுதுகிறார். இரண்டே வரி. படிக்கும் இன்னொரு பார்வையுள்ளவருக்கும் அது நியாயமாகவே படும். தமிழ் தெரியாத பராமரிப்பாளரோ, தமிழர் இருவர் சொல்கிறார்கள் என்று சேர்த்துவிடுவார்.

இதற்கு லிப்லூயியில் ஒரு காப்பு உண்டு. 'இந்தச் சொல்லைக் கொடுத்தால் இந்தப் புள்ளிகள் வர வேண்டும்' என்று சோதனைக் கோப்பில் எழுதி வைத்துவிடலாம். அட்டவணையை யார் தொட்டாலும் கணினி தானாக ஒப்பிட்டு, மாறினால் கத்தும். அந்த 'வர வேண்டும்' என்ற பக்கத்தை எழுதித்தர விரலால் படிக்கும் ஒருவர் வேண்டும். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சோதித்தவர் என்ற வரியில் பெயர் போட அதுவே தகுதி.

நம் ஊர்ப் பெயரையே முதல் சொல்லாகக் கொடுக்கலாம் என்று எண்ணிப் பார்த்தேன். 'பாளையங்கோட்டை', கண்ணுக்கு ஏழு எழுத்து. கணினிக்குள் பதின்மூன்று குறிகள்: ப, துணைக்கால், ள, ஐகாரக் குறி என்று போய் ட, ஐகாரக் குறியில் முடியும். பிரெயிலிலும் எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று கட்டங்கள். எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடும் சோதனை, 'சரி' என்று பச்சை விளக்குக் காட்டிவிடும். ஆனால் 'ங்' வருமிடத்திலும் முதல் 'ட்' வருமிடத்திலும் வரிசை புரண்டிருக்க வேண்டும், இரண்டே இடம். புரளாவிட்டால், பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் 'யங' வரை விரலை நகர்த்திவிட்டு நின்று, மறுபடி முதலிலிருந்து தடவிப் பார்ப்பான்.

(தொடரும்)